தவிசாளர் வாற நேரம்

தேர்தல் வருமென்று வெள்ளவத்தையே கதைக்கிறது. அக்கா மகனின் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதை யாரிடம் சொல்வது என்று கேட்க மாகாண சபைக்கு வந்திருக்கிறேன். தேர்தல் நடக்காததால் பல வருடங்களாக உறுப்பினர்களே இல்லாத மண்டபம். ஆனால் ஏசி குளிர்கிறது, மேசைகளில் தூசியில்லை.

“இங்கதான் சொல்லோணும். முதல்ல எழும்புங்கோ, தவிசாளர் வாற நேரம்,” என்று மணியை அடிக்கிறார் ஊழியர் ரோசலின், கொட்டாஞ்சேனைக்காரி.

“ஆர் வாறது?”

“ஒருத்தரும் இல்ல. நான் ஒவ்வொரு நாளும் அடிக்கிறனான். விட்டா முறை மறந்துபோகும்.”

சபையை நடத்தும் தவிசாளரின் காலியான உயர்ந்த நாற்காலிக்கு அவர் தலை குனிகிறார். நானும் குனிந்துவிட்டு உட்காரப் போகிறேன். ரோசலின் என் முழங்கையைப் பிடிக்கிறார். விரல்கள் சில்லென்றிருக்கின்றன.

“பொறுங்கோ. அவர் முதல்ல உட்காரட்டும்.”

நாங்கள் நின்றுகொண்டே இருக்கிறோம்.