சத்தம் வராத வெளிச்சம்

படங்களில் துப்பாக்கி வெடிக்கும்போது முனையிலிருந்து ஒரு முழத்துக்கு நெருப்புப் பாய்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இரவில் தூரத்திலிருந்து பார்த்தால் அது அப்படி இருக்காது. சின்னதாக, செம்மஞ்சளாக, இமை மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடும். அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் கண்ணில் படும். பகலில் அதே துப்பாக்கி அடுத்த வளவில் வெடித்தாலும் சத்தம் மட்டும்தான் வரும். இருட்டில் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் தெரியும்.

இதையெல்லாம் நான் எந்தப் படையிலும் சேர்ந்து படிக்கவில்லை. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், மேற்குக் கடலைப் பார்த்த ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தேன், அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எண்ணப் பழகியதே இதற்காகத்தான். வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பின்னால் வரும். வெளிச்சத்தைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். எண்ணிக்கை நீண்டால் தூரத்தில் சுடுகிறார்கள். வாய் திறப்பதற்குள் சத்தம் வந்துவிட்டால் நிலத்தோடு படுக்க வேண்டும். வெளிச்சம் ஒரு கீறல் போலத் தெரிந்தால் குழல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பொட்டுப் போல வட்டமாகத் தெரிந்தால் அது எங்களைப் பார்த்து நிற்கிறது. என் அக்கா இதில் பெரிய கெட்டிக்காரி. குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "இது எங்களுக்கில்லை" என்று சொல்லிவிட்டுச் சட்டியில் மீனைப் புரட்டுவாள். நாங்களும் நம்பிச் சாப்பிட உட்காருவோம்.

சண்டைக்கு முன்பு எங்கள் ஊரில் வேறொரு பழக்கம் இருந்தது. கடலில் ஆள் நிற்கும்போது வீட்டின் கடல்பக்க விளக்கை நூர்ப்பதில்லை, அணையாமல் பார்ப்பார்கள். கணவன் படகு தள்ளியதும் மனைவி வாசல் பூவரசில் ஒரு அரிக்கன் லாம்பைக் கொழுவிவிடுவாள். அவன் திரும்பி வந்து, தானே அதைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் போவான். சண்டை அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டது. கடலில் ஏதாவது மின்னினால் முதல் வேலையாக விளக்கை நூர்த்துவிட்டு நிலத்தில் படுக்க வேண்டும். ஒரு வீட்டில் நூர்ந்தால் அடுத்த வீடும் பார்த்து நூர்த்துவிடும். ஒருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

பிறகு சண்டை முடிந்தது. லாம்புகள் மறுபடி பூவரசுகளுக்கு வந்தன. ஆனால் அத்தனை வருடம் பழகிய கைகள் அவ்வளவு சுலபமாக மறக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, வாடைக் காலத்தில் ஒரு மாலை. நானும் அத்தானும், அதாவது அக்காவின் கணவரும், நண்டு வலை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது பட்டுவிட்டது. கரை தெரியும் தூரத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அத்தான் எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப் போனார். நங்கூரத்தைப் போட்டோம். அதன் கயிறு உக்கிப் போயிருந்தது, அலை தூக்கிய தூக்கில் அறுந்துவிட்டது. கரையிலிருந்து கடலுக்கு வீசும் வாடைக் காற்று படகை மெல்ல மெல்ல வெளியே இழுக்கத் தொடங்கியது. அத்தானின் போன் நனைந்து செத்திருந்தது. என்னிடம் போனே இல்லை. கத்தினால் குரல் எங்கள் காதுக்கே திரும்பி வந்தது.

அத்தான் ரோச் லைற்றை எடுத்து ஊரைப் பார்த்துப் பிடித்தார். பற்றரி பழசு, வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. "விட்டு விட்டு அடிச்சால்தான் கவனிப்பினம்" என்று சொல்லி, மூன்று மூன்று தரமாக அமத்தினார். சரியான யோசனைதான். வேறு எந்த நாட்டுக் கரையாக இருந்தாலும் ஒரு படகு புறப்பட்டிருக்கும்.

முதலில் அக்கா வீட்டு லாம்பு நூர்ந்தது. பூவரசு எது, லாம்பு எது என்று எனக்கு அங்கிருந்தே தெரியும். பிறகு பக்கத்து வீடு. பிறகு அதற்கடுத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே கரை முழுக்க இருண்டுவிட்டது.

 என்ன நடந்தது என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. கரையை நோக்கிப் பிடித்த எந்த வெளிச்சமும் கரையில் நிற்பவர்களுக்குப் பொட்டுப் போலத்தானே தெரியும். ஆனால் அத்தான் அனலைதீவில் பிறந்து, சண்டை முடியும் மட்டும் வெளியூரில் வேலை செய்தவர். அவருக்கு எங்கள் ஊரின் இந்தப் பழக்கம் இல்லை. அவர் துள்ளிக் குதித்தார்.

"கண்டிட்டாள்! பார், லாம்பைக் கழட்டிக்கொண்டு கரைக்கு வாறாள். வேலியள் மறைக்குது, எல்லாரும் வருகினம்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு இருந்த ஒரே தெம்பு அதுதான். இன்னும் சில தரம் ரோச் லைற்றை அடித்தார், அது மங்கி அணைந்தது. "இருட்டில எங்களைத் தேடித் திரியப் போகினம், நான் போய்ச் சொல்லுறன். இதுக்குள்ள ஆழம் இல்லை" என்றார். எங்கள் பக்கத்துக் கடல் பல இடங்களில் நெஞ்சளவுதான். அவர் நல்ல நீச்சல்காரர். எண்ணெய்க் கலன் ஒன்றை வெறுமையாக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்தார். நான் மறித்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்து மறித்திருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

விடியும்போது என்னைப் படகோடு அனலைதீவு ஆட்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தானைப் பிறகு நயினாதீவுக்கு அங்கால் கண்டெடுத்தார்கள்.

செத்த வீட்டில் நான் எல்லோருக்கும் ஒரே கதையைத்தான் சொன்னேன். எஞ்சின் நின்றது, காற்று இழுத்தது, அத்தான் நீந்தப் போனார். ரோச் லைற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று கடலில் மின்னியதைக் கண்டதாக ஊரிலும் ஒருவர் கூடச் சொல்லவில்லை. அத்தனை பேர் லாம்பை நூர்த்திருந்தார்கள், அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கோப்பி குடித்தார்கள். அக்கா மட்டும் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எங்கட லாம்பு அங்க தெரிஞ்சதோ?"

"இல்லை அக்கா. தூரம் கூட."

தலையை ஆட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு மாலையும் லாம்பைக் கொழுவுகிறாள். வீட்டில் கடலுக்குப் போக ஒருவரும் இல்லை, ஊருக்குக் கறண்டும் வந்துவிட்டது, ஆனாலும் கொழுவுகிறாள். கடவுளை நினைத்துச் செய்கிறாள் என்று ஊர் சொன்னது. நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடத் திருவிழாவில் கோயிலடிக் கடற்கரையில் வாணம் விட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தோம். முதல் வாணம் விரிந்தது, கொஞ்சம் கழித்து வெடிச்சத்தம் வந்தது. அக்காவின் மகள் சிரிக்கத் தொடங்கினாள். அத்தான் போனபோது கைக்குழந்தையாக இருந்தவள், இப்போது பட்டணத்தில் படிக்கிறாள்.

"மாமா, நீங்களும் வாய்க்குள்ள எண்ணுறியள், அம்மாவும் எண்ணுறா. என்ன, வாணத்தை ஏலத்துக்கு விடுறியளோ?"

எண்ணியது எனக்கே தெரியாது. ஏன் என்று அவளுக்குச் சொன்னேன். வெளிச்சம், சத்தம், கீறல், பொட்டு எல்லாம். "அப்ப படத்தில காட்டுறது பொய்யோ?" என்று கேட்டுவிட்டு, அதில் அவளுக்கு ருசி முடிந்து, சிநேகிதிகளோடு கோயிலடிக்குப் போய்விட்டாள். மகள் போன திசையை அக்கா பார்த்தபடி இருந்தாள்.

"தம்பி, அண்டைக்கும் நான் எண்ணினனான்."

அத்தான் கடலில் நின்ற இரவைத்தான் சொன்னாள்.

"பொட்டுப் போலத்தான் தெரிஞ்சது. உடன லாம்பை நூர்த்துப்போட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ படுத்திட்டன். படுத்துக்கொண்டு எண்ணினன். நூறு மட்டும் எண்ணினன். சத்தம் வரேல்லை."

"வாடைக் காத்து, அக்கா. சத்தம் இஞ்சால வந்திராது."

"எனக்கே காத்தைப் பற்றிச் சொல்லுறாய்? வாடை கடலுக்குத்தான் அடிக்கும். எண்டாலும் துவக்குச் சத்தம் கேக்காமல் விடுமே? நான் எத்தினை வாடையில எண்ணினவள். யன்னலால பார்த்தன், திரும்பவும் மின்னிச்சுது. திரும்பவும் எண்ணினன். அது துவக்கில்லை எண்டு எனக்கு விளங்கிட்டுது, தம்பி. விளங்கினாப் பிறகும் எழும்ப ஏலாமல் போச்சு. கை காலெல்லாம் நிலத்தோட ஒட்டினது மாதிரிக் கிடந்தனான்."

இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு பின்னேரமும் லாம்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அன்று குசினியில் சொன்ன ஒரு சொல், அவள் வேறு யாரிடமும் வாய் திறக்க முடியாமல் செய்துவிட்டது. காப்பாற்றினேனாம். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

"நீ கண்டனி தானே? லாம்பு நூர்ந்ததை."

"தூரமெண்டு அப்ப..."

"அப்ப சொன்னது கிடக்கட்டும். இப்ப கேக்கிறன்."

"ஓம் அக்கா. கண்டனான்."

"அவர்?"

"அவரும் கண்டவர்."

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அவள் இத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்தது அடுத்த கேள்விக்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என்னை ஏசினவரோ?"

"இல்லை அக்கா. சந்தோசப்பட்டவர். நீங்கள் லாம்பைக் கழட்டிக்கொண்டு கரைக்கு வாறியள் எண்டு சொன்னவர். கடைசி மட்டும் அப்பிடித்தான் நம்பினவர்."

இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். கோயிலடியில் இன்னொரு வாணம் ஏறியது. அதன் சத்தமும் வந்து அடங்கியது. அக்கா எழுந்து பூவரசடிக்குப் போய், எரிந்துகொண்டிருந்த லாம்பைக் கழற்றினாள். அதைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி, தண்ணீர் காலில் படும் இடம்வரை நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அங்கே நின்று, கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்ப அவர் நான் இதில நிக்கிறனெண்டுதான் நீந்தினவர். நான் நிக்கேல்லையே, தம்பி."