ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போனவர்

மரப்பட்டறையில் அவருக்குச் சுருதிக்காரர் என்று பெயர். வைத்தது யார் என்று எவருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பலகை அறுக்கும் வட்ட ரம்பம் ஓடும்போது பத்தடி தள்ளி நின்றே, "பிளேடு மழுங்கிடுச்சு, சுருதி இறங்குது பாரு" என்பார். கழற்றிப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும். இருபத்தெட்டு வருடம் அந்த ரம்பத்தின் பக்கத்திலேயே நின்றார் மனிதர். காதில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த அடைப்பானை ஒரு நாளாவது வைத்திருப்பாரா? கேட்டால், "காதை அடைச்சுக்கிட்டா மெஷின் என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று எதிர்க்கேள்வி வேறு.

பட்டறைக்கு வருமுன் அவர் கிட்டார் வாசித்தவர். ஹோட்டல்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசிக்கும் ஐந்து பேர் குழு. அப்போது அவரிடம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. மேல்மூடி பெயர்ந்து, கைப்பிடி அறுந்து, நான்கு பேர் சேர்ந்து தூக்கினாலும் இடுப்பைப் பிடிக்கிற கனம். சூடேற அரை மணி நேரமாகும். ஏறிவிட்டதோ, பிறகு அதற்கு ஈடே கிடையாது. தந்தியை லேசாகத் தொட்டால் பேசும், அழுத்தினால் கோபப்படும். சத்தத்தில் கூர்மை இருக்கும், ஆனால் குத்தாது. கல்யாணமாகி மூன்றாவது மாடிக்குக் குடிவந்தபோது, லிஃப்ட் இல்லாத அந்தப் படிகளில் அதை ஏற்ற முடியாமல், குழுவின் டிரம்மரிடம் விட்டுவைத்தார். அந்தப் புண்ணியவான் அதைக் கொட்டகையில் போட்டு மறந்துவிட்டார். எலிகள் மறக்கவில்லை. ஸ்பீக்கர் காகிதத்தை ஆற அமரத் தின்று தீர்த்துவிட்டன.

அந்தச் சத்தத்துக்கு அவர் ஏங்கினார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போதும் பலகைக்கு அளவெடுக்கும்போதும் திடீரென்று அது காதுக்குள் வரும். வந்ததும் போய்விடும். கண் மூடுவதற்குள் அதை இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே ஒரு டிஜிட்டல் மாடலர் வாங்கினார். காலால் மிதிக்கும் பெட்டி. உலகத்து ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் அதற்குள் அடைத்து வைத்திருக்கிறார்களாம். அவருடைய பழைய ஆம்ப்பின் குரலும் அதில் உண்டாம். கூடவே, உள்ளேயே பவர் வைத்த ஸ்பீக்கர் இரண்டு. கூடத்தில் அவை வந்து உட்கார்ந்ததும், வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு புதுசா குடிவந்திருக்காங்க போல. சாப்பாடு நான் போடணுமா?"

"கிண்டல் பண்ணாத. நாளைக்குக் கேளு, அப்புறம் பேசு" என்றார் அவர்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. ஹெட்போனில் உட்கார்ந்து ஆசை ஆசையாகச் செதுக்கிய சத்தம், ஸ்பீக்கரில் போட்டால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. தரையில் வைத்தார், அடித்தொனியான பேஸ் ஏறி அலமாரித் தட்டுகள் ஆடின. மூலையிலிருந்து நகர்த்தினார்; ஸ்டாண்டில் ஏற்றினார். சத்தத்தைத் தணித்து வைத்துச் சரிசெய்தது, கூட்டினால் வேறு ஆளாகிவிட்டது. கடைசியில் பழைய நாள் பழக்கத்தில், அந்தக் காலத்தில் குழுவோடு வந்த மைக் செட்காரருக்கு போன் போட்டார்.

"அண்ணே, அந்தப் பெட்டி குடுக்கிறது ஆம்ப்பு முன்னாடி மைக் வெச்சுப் பிடிச்ச சத்தம். நீங்க அந்தக் காலத்துல மைக் சத்தத்தையா கேட்டீங்க? ஆம்ப்பு உங்க காலடியில இருந்துச்சு, நீங்க அதுகிட்டயே நின்னீங்க. கூட்டத்துல உக்காந்திருந்தவன் கேட்டதுதான் இப்ப உங்களுக்கு வருது. வழக்கமா வாசிக்கிற அளவுக்குச் சத்தத்தை வெச்சுக்கிட்டு ட்ரெபிளைப் பாருங்க."

ட்ரெபிளைப் பார்க்கச் சொன்னதுதான் வினை. சத்தத்தின் கீச்சைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழ் நான்கில் இருந்தது; ஐந்தாக்கினார், கொஞ்சம் தெளிந்தது. ஆறில் இன்னும் தெளிந்தது. வாரத்துக்கொரு கோடு ஏறி, எட்டரையில் ஒரு காலை அவருக்குப் புல்லரித்துவிட்டது. கிட்டத்தட்ட வந்துவிட்டது! "ஏய், இங்க வா, வா!" என்று கத்தினார். தைத்த துணியோடு ஓடிவந்தவள், முதல் தந்தியிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யோ, ஊசியால குத்துற மாதிரி இருக்குங்க! நிறுத்துங்க!"

"உனக்கு ரசனையே கிடையாது" என்றார். பாவம், அவளிடம் அவர் அப்படிப் பேசியதே கிடையாது. அன்றைக்கெல்லாம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவள் தையல் மெஷினைக் கொஞ்சம் அதிகமாகவே மிதித்தாள்.

மறுநாள் மைக் செட்காரரே நேரில் வந்தார். ஒரு நிமிடம் கேட்டார். மாடலரைக் குனிந்து பார்த்தார். "எட்டரையா?" என்றவர் தன் போனை ஸ்பீக்கரில் இணைத்தார்.

"அண்ணே, கீழ் சுருதியில ஆரம்பிச்சு மேல கொண்டுபோறேன். கேக்குற வரைக்கும் கையைத் தூக்கியே வைங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சுருதிக்காரர் கையைத் தூக்கினார். ஊம் என்று தொடங்கிய சத்தம் மெல்ல ஏறியது, மெலிந்தது, நின்றது. கையை இறக்கிவிட்டு, "சரி, அடுத்தது போடு" என்று காத்திருந்தார்.

மைக் செட்காரர் அசையவில்லை. சமையலறையிலிருந்து மனைவியின் குரல்தான் வந்தது. "அந்த விசிலை நிறுத்துங்களேன், காது கிழியுது!"

"எந்த விசில்?" என்று கேட்டார் சுருதிக்காரர்.

மைக் செட்காரர் அவரையே பார்த்தார். பிறகு போனை அணைத்தார். சமையலறையில், "அப்பாடா" என்ற சத்தம் கேட்டது. அது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

காது டாக்டர் ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய், அங்கிருந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் தலையை மட்டும் ஆட்டினார். போனது போனதுதானாம். காதில் மெஷின் வைத்தால் பேச்சு தெளியும், பழைய காது வராதாம். வீட்டுக்கு வரும் வழியில் அவருக்கு ஒன்று உறைத்தது. பட்டறையில் கடைசி மூன்று நான்கு வருடம் பிளேடு மழுங்கியதென்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நல்ல பிளேடாக வருகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்!

அப்புறம் அவர் கிட்டாரைத் தொடவில்லை. தேடிய சத்தம் பெட்டியில் இல்லையென்றால் வேறு பெட்டி பார்க்கலாம். காதில் இல்லையென்றால் எங்கே போய்த் தேடுவது? ஸ்பீக்கர்கள் மேல் தைத்து முடித்த திரைச்சீலைகள் ஏறி உட்கார்ந்தன. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒரு சாயங்காலம் துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"கிட்டாரை எடுங்க. கீச்சுன்னு கத்துமே, அதைக் குறைக்கிறது எந்தக் குமிழ்?"

"எதுக்கு இப்ப அது?"

"நீங்கதான் மறந்துட்டீங்க. நாங்க உங்க ப்ராக்டிஸ் ரூமுக்கு எதிர்த்த வீடு. ரெண்டு வருஷம் ஜன்னல்ல நின்னு கேட்டிருக்கேன். உங்க மூஞ்சியையே அப்புறம்தான் பாத்தேன். அந்த ஆம்ப்பு சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

முப்பது வருடத்தில் இந்த ஜன்னல் கதையை அவள் சொன்னதில்லை; அவரும் கேட்டதில்லை. அவள் தையல் அறைக்குப் போய், கதவைத் திறந்தே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் வாசித்தார்.

"குறைங்க" என்றாள் அங்கிருந்து. ஏழுக்கு வந்தார். "இன்னும் குறைங்க." ஐந்து. அவருக்குச் சத்தம் கம்பளிக்குள் போய்விட்டது. "இன்னும்." நான்குக்குக் கீழே இறக்கினார். யாரோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். வாசித்துக்கொண்டே அடுத்த குரலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. அவள் கூப்பிட்டும் தன் காதில்தான் விழவில்லையோ என்று பதறி எழுந்து போனார்.

அவள் துணியை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"ஏன் நிறுத்துனீங்க?"

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அதேதானா? நல்லா கேட்டுச் சொல்லு."

"அதேதாங்க. அப்படியே."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

"நீ குடுத்து வெச்சவ" என்றார். திரும்பிப் போய், குமிழில் கைவைக்காமல், விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.