மூலையை விட்டு நகராத ராஜா

பம்புசெட் கொட்டகையில் பக்கத்து வயல்காரரோடு என் போனில் செஸ் ஆடினேன். எனக்கு ராஜாவோடு ஒரு பிஷப்பும் ஓரத்துச் சிப்பாயும் மிச்சம். அவருக்கு ராஜா மட்டும். அந்தப் பழைய செஸ் ஆப் காய்களை எண்ணிவிட்டு, ஜெயிப்பது நான்தான் என்றது. ஆனால் என் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலையிலேயே அவர் ராஜா உட்கார்ந்துவிட்டது. அது கறுப்புக் கட்டம். என் பிஷப் வெள்ளைக் கட்டத்தில் மட்டுமே போகும், விரட்ட வழியில்லை.

"டிரா வெச்சிக்கலாம்பா," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஜெயிச்சிக்கினு கீறவன் எதுக்கு டிரா வெச்சிக்கணும்?"

மோட்டாருக்கென்று சில மணி நேரம் மட்டும் விடுகிற த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. அவர் மோட்டார் போட்டு, வயல் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தார். கரண்ட் போனது. ஆட்டத்தை விட்டு எழாத நான் என் மோட்டாரைப் போடவே இல்லை.

"இன்னும் ஜெயிச்சிக்கினுதான் கீறியா?"

போனைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன்.