புள்ளியம்மாவின் புது மானிட்டர்

மருந்து லேபிள் அடிக்கும் அச்சகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பேர். இருபத்திரண்டு வருடமாகப் புள்ளி பார்க்கிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? லேபிளில் அளவெல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். 2.5 மில்லியில் நடுப்புள்ளி விழுந்துபோனால் இருபத்தைந்து மில்லி. குடிக்கப்போவது யார் வீட்டுப் பச்சைப்பிள்ளையோ. அவளுக்குப் பிறகு இன்னொருவர் பார்க்கிற வழக்கம் முன்பு இருந்தது. புள்ளியம்மா பார்த்தால் போதும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். வீட்டுக் கரண்ட் பில்லைக்கூட அடுத்தவர் படித்துச் சொல்ல விடமாட்டாள்.

நாலு வருடமாக வீட்டிலிருந்தே வேலை. படுக்கையறை மூலையில் மேசை, அதில் பழைய மானிட்டர். திரையின் குறுக்கே இரண்டு அட்டைகளை ஒட்டி, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி இடுக்கு விட்டிருப்பாள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணை அந்த இடுக்கில் நட்டுவைத்து, பக்கத்தை மெல்ல உருட்டுவாள். கண் அசையாது, எழுத்துதான் அசையும். எழுத்தோடு நகர்ந்தால் அது லேபிளின் புள்ளி. நின்ற இடத்திலேயே நின்றால் திரையின் அழுக்கு, இல்லை திரையின் பழுது. அவளே கண்டுபிடித்த சோதனை. அது ஒரு நாளும் காலை வாரியதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அந்த இடுக்கில் ஒரு கறுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. துடைத்தாள், போகவில்லை. உருட்டினாள், நகரவில்லை. சமையலறையில் அது இல்லை, தெருவில் இல்லை, மேசைக்கு வந்தால் மட்டும் ஆஜர். குற்றவாளி மானிட்டர்தான் என்று அவள் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். ஆனால் வேலை மலையாகக் குவிந்து கிடந்ததால் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டாள். முதலில் ஊசிமுனையாக இருந்தது இப்போது கடுகாகிவிட்டது. அதற்குமேல் அதை விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை.

பஸ் ஓட்டும் வீட்டுக்காரருக்கு அன்று விடுமுறை. மானிட்டர் வாங்கக் கிளம்பினார்கள். கடை விற்பனையாளர் எடுத்த எடுப்பில் வளைந்த திரை ஒன்றைக் காட்ட, வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"இதுல மேட்ச் பார்த்தா மைதானத்துலயே உட்கார்ந்த மாதிரி இருக்கும்ல?"

"நீங்க பஸ் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுனா போதும்," என்று அவள் வெட்டினாள். அவளுக்கு வேண்டியது வேறு. வெளிச்சம் பட்டாலும் கண்ணைக் கூசவைக்காத திரை, ஏற்றி இறக்கும்படியான ஸ்டாண்டு, எத்தனை பெரிதாக்கினாலும் ஓரம் சிதறாத எழுத்து. இருபத்துநாலு அங்குலத்தில் ஒன்று பிடித்தது. வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போடச் சொல்லி, இடது கண்ணை மூடினாள்.

நடுவில் கறுப்புப் புள்ளி.

"இது வேண்டாம். வேற காட்டுங்க."

அடுத்ததிலும் இருந்தது. இருபத்தேழு அங்குலத்திலும் இருந்தது. விற்பனையாளர் உள்ளே போய், முத்திரை பிரிக்காத பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். அவள் எதிரிலேயே பிரித்தார், திரைமேல் ஒட்டியிருந்த தாளை உரித்தார். புத்தம் புதிய திரையின் நடுவிலும் அது காத்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, கடை முழுக்கப் பழுதுச் சரக்கா அடுக்கி வச்சிருக்கீங்க?"

"மேடம், எனக்கு ஒண்ணுமே தெரியலையே. எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க." அவர் திரையில் விரலை ஊன்றினார். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம். கொஞ்சம் மேல. ஆங், அங்கதான்."

விரல் புள்ளியை மறைக்கவில்லை. புள்ளி அவர் நகத்தின்மேல் இருந்தது.

அவள் இடது கண்ணைத் திறந்தாள். நகம் வெறும் நகம். மூடினாள். நகத்தின் மேல் புள்ளி. தலையைத் திருப்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மூக்கு இருந்த இடத்தில் புள்ளி இருந்தது. எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திரையில இல்லைங்க. என் கண்ணுல இருக்கு."

வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "வா, இப்பவே கண் டாக்டர்கிட்ட போயிடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. பயம் இப்போது கண்ணைத் தாண்டிப் போயிருந்தது. மூன்று வாரம். ஒரு நாளைக்கு நாற்பது லேபிள். திரைப்புள்ளிதான் தெரிந்த விஷயமாயிற்றே என்று ஒவ்வொரு முறையும் உருட்டிப் பார்ப்பதை விட்டிருந்தாள். போன வாரம் பார்த்த பிள்ளைகள் காய்ச்சல் மருந்து நினைவுக்கு வந்தது. இரண்டு, புள்ளி, ஐந்து. புள்ளியைப் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். யாருடைய புள்ளியை?

அச்சக மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், பேரும் சேர்ந்து போகும். தெரிந்துதான் போட்டாள்.

"பிள்ளைங்க காய்ச்சல் மருந்து லேபிள் சாம்பிள் இருக்கா சார்? அளவைக் கொஞ்சம் படிங்க."

"நீங்க பார்த்ததைப் போய் நான் படிக்கணுமா புள்ளியம்மா?" சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "இதோ. ஒரு வேளைக்கு இருபத்தஞ்சு மில்லி. சரிதானே?"

"சரியில்ல சார். ரெண்டரை. நான்தான் கோட்டை விட்டுட்டேன். என் கண்ணுல கோளாறு. மூணு வாரமா நான் பார்த்தது ஒண்ணையும் நம்பாதீங்க. லேபிள் எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"பாட்டில்ல ஒட்டியாச்சும்மா. இன்னைக்கு விடியக்காலைல லாரி கிளம்பிடுச்சுன்னு கம்பெனிலேர்ந்து சொன்னாங்க. நான் அவங்களைப் பிடிக்கிறேன். நீங்க லாரி டிரைவரைப் பிடிங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

விற்பனையாளரின் பேனாவை வாங்கி, மானிட்டர் அட்டைப்பெட்டியின் மூடியிலேயே எழுதினாள். பத்து எண். எழுதி முடித்து மூடியை வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"சார் போன்ல மறுபடி சொல்றாரு. நான் எழுதினது சரியான்னு ஒவ்வொண்ணா நீங்க பார்த்துச் சொல்லுங்க."