கனகரத்தினத்தின் நொண்டிக் கூட்டம்

கனகரத்தினம் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் அவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் நான்தான். அவன் மனைவி பூரணம் வீடு தேடி வந்து கேட்டாள். "மாஸ்டர், இவரை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நீங்கள் எழுதினால்தான் சரி" என்றாள். எழுதிக் கொடுத்தேன். சல்லிக் கிராமத்தில் பிறந்தார், திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் சேவையாற்றினார், அம்பாளின் அடியார், கணிதத்தில் நாட்டமுள்ளவர். அவன் கோயில் வாசலை மிதித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. கல்வெட்டில் செத்தவர்கள் எல்லாரும் பக்தர்கள்தான். உண்மையை எழுதினால் சனம் சாப்பாட்டு இலையை விட்டு எழும்பிப் போய்விடும்.

அதில் எழுதாததை இப்போது எழுதுகிறேன். எழுதுவதால் நான் நல்லவனாகிவிடப் போவதில்லை. அந்த ஆசையும் எனக்கில்லை.

1961ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஓர்ஸ் ஹில்லில் இருந்த என் வீட்டுப் படலையைத் தட்டினான். ஒரு கையில் கடதாசிச் சுருள், மறு கையில் ஓலையில் சுற்றிய பாரை மீன். தமையனுக்குச் சல்லியில் வள்ளம் இருந்தது. இவன் மட்டும் பத்தாம் வகுப்புவரை படித்து, வெள்ளைக்காரன் காலத்திலேயே கடற்படைத் தளத்தில் கிளாக்கராகச் சேர்ந்து, அவர்கள் போன பிறகும் துறைமுகத்தில் தொடர்ந்தவன். அவர்கள் போகும்போது நூல்நிலையத்தில் கழித்துப் போட்ட புத்தகங்களில் ஒரு அட்சரகணிதப் புத்தகத்தை எடுத்து வந்து நாலு வருடம் தனியே படித்திருக்கிறான். நானோ லண்டன் பட்டதாரி, தூய கணிதம் படிப்பிக்கிறவன். ஒரு கிளாக்கர் எனக்குக் கணக்குக் காட்ட வந்திருக்கிறான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் கதிரையைக் காட்டினேன்.

"இரும். என்ன விசயம்?"

"மாஸ்டர், எங்கட வேலை சாமான் ஏத்துற பார்ஜுகளைச் சேத்துக் கட்டி இழுக்கிறது. ஆனால் எல்லா ரெண்டையும் சேக்க ஏலாது. சில இடத்தில ஆழம் காணாது, சிலதுக்குக் கொழுக்கி பொருந்தாது. புத்தகத்தில இருக்கிற கூட்டத்தில எந்த ரெண்டையும் சேக்கலாம் எண்டிருக்கு. எங்கட கூட்டம் அப்பிடியில்லை. அதுக்கும் ஒரு கணக்கு இருக்கவேணுமெல்லோ?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கணிதத்தில் கூட்டம் என்பது, மற்ற விதிகளை விட்டுப் பார்த்தால், எந்த இரண்டு உறுப்புகளைச் சேர்த்தாலும் ஒரு விடை கிடைக்கும் ஒழுங்கு. மூன்றைச் சேர்க்கும்போது முதல் இரண்டில் தொடங்கினாலும் கடைசி இரண்டில் தொடங்கினாலும் விடை ஒன்றாக வரவேண்டும். இவன் சேர்க்கை பாதி இடங்களில் இல்லாத ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு எந்த விதி மிஞ்சும் என்று கேட்கிறான். இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை என்று அன்றைக்கே நெஞ்சு எரிந்தது. பெயராவது நான் வைப்போம் என்று, "உம்மட கூட்டம் நொண்டிக் கூட்டமாக்கும்" என்றேன். அவன் கோபிக்கவில்லை. நல்ல பெயர் என்று சொல்லிக் கடதாசியில் எழுதிக்கொண்டான்.

அவன் நிறுவ வந்தது இதைத்தான். ஒரு நொண்டிக் கூட்டத்தில் சில சேர்க்கைகள் இல்லை. ஆனால் மூன்று உறுப்புகளை எங்கெல்லாம் இரண்டு வழியிலும் சேர்க்க முடிகிறதோ அங்கெல்லாம் ஒரே விடைதான் வருகிறது. அப்படியானால், இல்லாத விடைகளை நாமே புதிதாக இட்டு நிரப்பி, அதை நொண்டாத முழு ஒழுங்காக்கிவிடலாம். எந்த நொண்டிக் கூட்டத்தையும் ஆக்கலாம். நொண்டி எதுவானாலும் நிமிர்ந்து நடக்கும் என்கிறான்! ஆசையைப் பாருங்கள்.

அவன் விட்டுப்போன சுருளை வாசித்தேன். மூன்றாவது படியில் பிழை இருந்தது. மூன்று உறுப்புகளுக்கு அடைப்புக்குறி தேவையில்லை என்றால் நாலுக்கும் தேவையில்லை என்று எழுதி, அதோடு எல்லா அடைப்புகளையும் தூக்கிவிட்டான். முழுக் கூட்டத்தில் அது சரி, பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யும். அங்கே ஒரு அடைப்பிலிருந்து மற்ற அடைப்புக்கு நடுவில் இருக்கும் படிகளால் நடந்து போகலாம். நொண்டிக் கூட்டத்திலோ அந்த நடுப்படிகளே இல்லாமல் இருக்கலாம். அப்போது நாலு பார்ஜை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒரு விடை, வலப்பக்கத்திலிருந்து சேர்த்தால் வேறு விடை, இரண்டும் ஒன்றென்று சொல்ல நடுவில் ஆளில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னமே, பத்து உறுப்புகளும் ஆறு சேர்க்கைகளும் உள்ள ஒரு எதிர் உதாரணத்தைப் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன். பிறகு பாரை மீன் குழம்போடு சோறு சாப்பிட்டேன். நல்ல மீன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்து, "எப்பிடி மாஸ்டர்?" என்று கேட்டான்.

"நல்லாயிருக்கு. தொடர்ந்து கொண்டுபோம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மீனுக்காக என்று என்னை நானே பகிடி பண்ணிப் பார்த்திருக்கிறேன். மீனுக்காக இல்லை. கேள்வி அவனுடையது, யோசனை அவனுடையது, உழைப்பும் அவனுடையது. அந்தப் பிழை ஒன்றுதான் எனக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாதது. அதையும் கொடுத்துவிட்டால் பிறகு என்னிடம் என்ன இருக்கிறது? இன்னும் ஒரு கிழமை வைத்திருப்போம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வருடம் போனபோது, சொன்னால் போன வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்றிருந்தது. இரண்டாம் வருடம் அந்த யோசனையும் போய்விட்டது. நாலாம் படி, ஏழாம் படி, பதினோராம் படி என்று அவன் கட்டிக்கொண்டே போனான். நான் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, எழுத்துப் பிழைகளுக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் திருத்தியிருப்பான். மூன்றுக்கு மட்டுமல்ல, நாலுக்கும் ஐந்துக்கும் எத்தனைக்கும் விடை ஒத்துப்போகவேண்டும் என்று நிபந்தனை வைத்தால் அவன் சொன்னது நடக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

1966ஆம் ஆண்டு, அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை வேளையில் பூரணம் தனியே வந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. குசினிப் பக்கம் போய் என் மனைவியோடு கதைக்கவும் இல்லை. நின்றபடியே கேட்டாள்.

"மாஸ்டர், இவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்திருக்கு. வேண்டாம் எண்டு எழுதப்போறாராம். எனக்கு மூண்டு தரம் பிள்ளை தங்கி மூண்டு தரமும் நிக்கேல்லை. கொழும்பில மாசாமாசம் பெரிய டொக்டரிட்டக் காட்டினால் நிக்கும் எண்டு இஞ்ச டொக்டர் சொல்றார். எனக்கும் முப்பத்தஞ்சு ஆகுது. இனிப் பிந்தினால் பிந்தினதுதான்."

"அவர் ஏன் வேண்டாம் எண்டுறார்?"

"உங்களாலதான். அங்க போனால் இந்தக் கணக்கை ஆர் பாக்கிறது எண்டுறார். ஒண்டு ரெண்டு வருசத்தில முடிஞ்சிடுமாம். எனக்கு இந்தக் கணக்கு விளங்காது மாஸ்டர். இது சரிவாற கணக்கு எண்டால் நான் பொறுக்கிறன், வாய் திறக்கமாட்டன். பிழை எண்டால் இப்பவே சொல்லுங்கோ. ஒரு சொல் போதும், நான் அவரை இழுத்துக்கொண்டு போயிடுவன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பயம். பிழை என்று சொன்னால் அஞ்சு வருடம் எங்கே போனீர் என்ற கேள்வி வரும். ஊர் சிரிக்கும்.

"சரியான கணக்குத்தான்" என்றேன்.

"ஓம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாற்றக் கடிதம் திரும்பிப் போனது. நாலாவது தரமும் தங்கி, நாலாம் மாதத்தில் அழிந்தது. அதற்குப் பிறகு தங்கவில்லை. அது அழிந்த கிழமை ஞாயிறும் அவன் வந்தான், பன்னிரண்டாம் படியோடு. நான் வாசித்தேன்.

1970 ஆவணியில் கண்டியில் கணித ஆசிரியர்கள் கூடிய ஒரு மாநாட்டில் கட்டுரை வாசிக்க அவனுக்கு இடம் கிடைத்தது. அவன் விண்ணப்பத்தை என்னிடம் தந்து என் பெயரில் அனுப்பச் சொன்னதால் கிடைத்த இடம். முன்னுரையில் எனக்கு நன்றி எழுதியிருந்தான். வரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீங்கள் வராமல் நான் வாசிக்கமாட்டேன் என்று நின்றான். பூரணம் அவனுக்குப் புது வேட்டி வாங்கிக் கொடுத்து, வஸ் ஏறும் இடம் வரைக்கும் வந்து அனுப்பிவைத்தாள்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். சென்னையிலிருந்து அழைக்கப்பட்ட ஒரு பேராசிரியர் முன்வரிசையில் இருந்தார். கனகரத்தினம் கரும்பலகையில் முதல் இரண்டு படிகளை எழுதி, பார்ஜுக் கதையையும் சொன்னபோது சனம் விருப்பத்தோடு கேட்டது. மூன்றாம் படியில் பேராசிரியர் கையை உயர்த்தினார். இங்கிலீசில் கேட்டதற்கு இவன் தடுமாறவே, தமிழிலேயே கேட்டார்.

"இந்த இடத்தில் அடைப்பை எப்படி எடுத்தீர்கள்? சேர்க்கை எல்லா இடத்திலும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"அது வழமையா எடுக்கிறதுதானே ஐயா" என்றான். பிறகு, பிள்ளை தாயைத் தேடுகிறமாதிரி, மண்டபத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினான். "சோமசேகரம் மாஸ்டர் எல்லாம் பாத்தவர். ஒன்பது வருசமாப் பாத்தவர்."

நாற்பது தலைகள் திரும்பின. அதில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் பன்னிரண்டு பேராவது இருந்திருப்பார்கள். நான் எழும்பினேன். என் கால்கள் நேரே கரும்பலகைக்குப் போயின. அவன் கையிலிருந்த சோக்கை வாங்கி, பத்து உறுப்புகளையும் ஆறு சேர்க்கைகளையும் எழுதினேன். இடப்பக்கமிருந்து சேர்த்தால் இது, வலப்பக்கமிருந்து சேர்த்தால் அது, இரண்டும் வேறு, எனவே இதை எந்த முழு ஒழுங்குக்குள்ளும் வைக்க ஏலாது என்று சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட எடுக்கவில்லை.

"அருமை" என்றார் பேராசிரியர். "அப்படியானால் இது தவறென்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். இவருக்குப் பலதரம் சொன்னனான். கேக்கேல்லை" என்றேன்.

பொய் அவ்வளவு சுகமாக வந்தது. பேராசிரியர் அவனிடம் திரும்பி, "அப்படியா?" என்று கேட்டார்.

கனகரத்தினம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. உதாரணமும் விளங்கிவிட்டது, நானும் விளங்கிவிட்டேன்.

"ஓம் ஐயா" என்றான். "மாஸ்டர் சொன்னவர்தான். நான்தான் கேக்கேல்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். துறைமுகத்துக் கிளாக்கருக்கு இது தேவையா என்று ஒரு குரல் கேட்டது. அவன் கடதாசிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் வந்து என் கையைக் குலுக்கினார்கள். பொறுமையான மனிதர் என்றார்கள்.

அடுத்த நாள் காலை வஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் வந்தோம். மாத்தளை தாண்டியது, தம்புள்ளை தாண்டியது. ஏச்சு வரும் என்று நான் காத்திருந்தேன். அதற்கு மறுமொழிகூட ஆயத்தமாக வைத்திருந்தேன். ஹபரணையில் வஸ் நின்றபோது அவன் இறங்கிப்போய் இரண்டு தேத்தண்ணீர் வாங்கி வந்து, ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"எப்ப கண்டனீங்கள் மாஸ்டர்?"

"முதல் நாளே."

"முதல் நாளே" என்று அவனும் சொல்லிப் பார்த்தான். "வடிவான உதாரணம். பத்தே பத்து." கொஞ்ச நேரம் குடித்தான். "பூரணம் உங்களிட்ட வந்து கேட்டதை எனக்குச் சொன்னவள். அப்ப அந்த நேரமும் உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பிழை என்ரை எண்டால் அவள் என்னை ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டுப் பொறுப்பாள். உங்களுக்கு அப்பவே தெரியும் எண்டு கேள்விப்பட்டால், அவள் அந்தப் பிள்ளையளை எல்லாம் திரும்ப எண்ணத் தொடங்கிடுவாள். அதை அவளால தாங்க ஏலாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் பிறகு வந்தது, கோபம்தான் முதலில். அந்த இடத்தில் அவன் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். நான் திருகோணமலைக்குப் போய், அவன் கெட்டவன் என்று பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவன் வழி விடவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சாரதி ஹோன் அடித்தான். கனகரத்தினம் என் கையிலிருந்த கிளாசையும் வாங்கி, இரண்டையும் கடைக்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, எனக்குப் பக்கத்திலேயே இருந்தான்.