இறக்கத்தில் மட்டும் பேசிய வேன்

"4.3.1964, புதன். குழாய் இரண்டும் பொருத்தப்பட்டன. சத்தம் நன்று. தோல் வாடை போகவில்லை."

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். வேன் என் அக்காவின் கணவருடையது. பேகம்பூரிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புக்குப் பச்சைத் தோல் ஏற்றிப்போன, பின்பக்கம் திறந்த பழைய பிக்கப். அந்த வருஷம் தோல் லோடு குறைந்துபோனது. நோன்புப் பெருநாளன்று மச்சானின் தகப்பனாரான அத்தா, ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வேனுக்கு வேறு வேலை கிடைக்காவிட்டால் அதை விற்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மச்சானுக்கு அந்த வேன் மேல் இருந்த பிரியத்தை அக்கா பலமுறை குறையாகவே சொல்லியிருக்கிறாள்.

ரெட்டியார்சத்திரத்துக்கு வெளியே அப்போது ஒரு டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் படம் மாறும். புதுப் படத்தை ஊர் ஊராகச் சொல்லி வருவது ஒரு மாட்டு வண்டிக்காரரின் வேலை. வண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, டமாரம் அடித்துக்கொண்டு போவார். அந்த வேலையை வேனுக்கு வாங்குவது மச்சானின் திட்டம். கூடார முதலாளியும் சில வாரம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். முதலில் தகரத்தில் செய்த ஊதுகுழாயை வாயில் வைத்துக் கத்திப் பார்த்தார். இரண்டாவது ஊரிலேயே தொண்டை கட்டிவிட்டது.

பிறகுதான் மைக் செட். மதுரையில் ஒரு கடையைக் காலி செய்தபோது பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதனுடன் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். ஒன்று நல்லது, ஒன்று நசுங்கியது. நசுங்கியதை மச்சானே மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். பூட்டுப் பட்டறையில் பட்டை இரும்பை வளைத்துத் தாங்கி செய்தோம். அத்துடன் கையிலிருந்த பணம் தீர்ந்தது. ஆகவே தனி பேட்டரி கிடையாது. வேனின் பேட்டரியிலிருந்தே இணைப்பு.

என் குறிப்பில் ஒரு குறை இருக்கிறது. "சத்தம் நன்று" என்று எழுதியபோது வேன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. ஓடும்போது கேட்டுப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இன்ஜின் ஓடியதும் குழாய்களில் ஒரு ஊளை கிளம்பியது. வேகம் கூடினால் ஊளையும் கூடியது. மச்சானின் குரல் அதற்குள் எங்கோ கிடந்தது. முதல் ஊரில் ஒரு பெண், தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

நிறுத்திவிட்டுப் பேசிப் பார்த்தோம். குரல் சுத்தமாக வந்தது. ஆனால் பேசி முடிப்பதற்குள் பேட்டரி, பேச்சுக்குப் போதும் என்றாலும் இன்ஜினைக் கிளப்பப் போதாத அளவுக்கு இறங்கிவிடும்; வேன் கிளம்ப ஆள் தள்ள வேண்டும். மூன்று ஊரில் தள்ளினார்கள். நாலாவது ஊரில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏப்பா, படம் பாக்க நாங்க வரணுமா, இல்ல இதைத் தள்ளிக்கிட்டே கொட்டகைக்கு வரணுமா?"

இறக்கத்தை யோசித்தது நான்தான். மேட்டின் உச்சியில் இன்ஜினை அணைத்து உருள விட்டால் ஊளை இல்லை. அடிவாரத்தில் கியரைப் போட்டால் வேன் தானே கிளம்பிவிடும். இரண்டு நாள் சைக்கிளில் சுற்றி, கூடாரத்தைச் சுற்றியுள்ள இறக்கங்கள் அனைத்தையும் பட்டியலிட்டேன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாக்கியம் கொள்ளும் என்பதையும் எழுதினேன். ஒரு ஓடைப் பாலத்து இறக்கத்தில் படத்தின் பெயருக்கு மட்டுமே இடமிருந்தது. அது எங்கே ஓடுகிறது என்று சொல்ல மேடு போதவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை இப்படி நடந்தது. இரண்டாவது வெள்ளி ஆட்டம் முடிந்ததும் கூடார முதலாளி எங்களைக் கூப்பிட்டார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க பாய், மேட்டுல இருக்கிற ஊருக்காரங்க மட்டுந்தான் படத்துக்கு வாராங்க. கரிசக்காட்டு ஊரெல்லாம் என்னாச்சுங்க? அங்கதானுங்க சனம் ஜாஸ்தி."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். கரிசல் ஊர்கள் அதில் இல்லை. அங்கே தரை பலகை போல் கிடக்கும்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் பாக்குறனுங்க. அந்த ஊருங்க வரலீன்னா, டமாரத்தையே கூப்புட்டுக்கிறனுங்க."

ஒரு வாரம் மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே டமாரக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பு, ஒரு ஒத்தாசை. கரிசக்காட்டுல மட்டும் உங்க மாட்டை வச்சு என் வேனை இழுக்கணும். கூலி தாரேன்."

அவர் வேனைச் சுற்றி ஒரு நடை வந்தார்.

"என் பொழப்பைக் கெடுக்க வந்த வண்டிய என் மாடே இழுக்கணுமாக்கும்?"

"இன்னைக்கு ஒரு நாள்தான்."

"மாடு இழுக்கும் பாய். அதுக்குத்தான் செத்த வெக்கமா இருக்கும்."

அவர் மாட்டு வண்டியோடு முன்னால் போக, வடக்கயிற்றால் கட்டிய வேன் இன்ஜின் அணைந்து பின்னால் போனது. மச்சான் ஸ்டியரிங்கை ஒரு கையிலும் மைக்கை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். குரல் வெங்காயக் காட்டின் மறுகோடி வரை கேட்டது. களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மாடு வேனை இழுப்பதைப் பார்க்கவே பாதி ஊர் பாதைக்கு வந்தது. இந்த முறை படத்தின் பெயர், இடம், கட்டணம், சண்டைக் காட்சிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மூன்று தடவை சொல்ல நேரமிருந்தது.

அன்று தரை டிக்கெட்டில் உட்கார மணல் இல்லை. முதலாளி எங்களுக்கும் டமாரக்காரருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"வேலை உங்களுக்குத்தானுங்க பாய். கூடாரம் இங்க இருக்கிற வரைக்கும் நீங்களே சொல்லுங்க."

மச்சான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு கேக்குறனுங்க. மாடுதான் இழுக்குதுன்னா, நடுவுல வேன் எதுக்குங்க? குழாயைத் தூக்கி மாட்டு வண்டியிலயே கட்டிப்போடுங்க."

மச்சான் அவர் கையை விட்டார். டமாரக்காரர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, "பேட்டரி ரொம்பக் கனமா இருக்குமா பாய்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் குழாய், ஆம்ப்ளிஃபயர், பேட்டரி மூன்றும் மாட்டு வண்டிக்கு மாறின. மச்சான் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். இருவரும் ஒத்துப்போனார்கள். பேட்டரி இல்லாத வேன் வாசலில் நின்றது. வேலை கிடைத்தது மச்சானுக்கு, வேனுக்கு இல்லை என்று அத்தா விளக்கினார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் கொடைரோட்டுப் பழ வியாபாரி ஒருவர் வேறு பேட்டரி கொண்டுவந்து மாட்டி அதை ஓட்டிப்போனார். மச்சான் தெருமுனை வரை அதன் கூடவே நடந்துபோய்விட்டுத் திரும்பினார்.

1969இல் மதுரையில் ரேடியோ பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் இந்த ஊளையைப் பற்றிச் சொன்னேன். வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவர் சொன்னார்: "டைனமோவுல ஒரு கண்டன்சர் வச்சிருந்தா நின்னுருக்குமே. வெரல் தண்டி சாமான்." அவர் சொன்னது அந்த வேனுக்குப் பொருந்துமா என்று சோதிக்க வழியில்லை. கொடைரோட்டிலும் விசாரித்தேன், வேன் அதற்குள் மேலும் இருவரிடம் கைமாறியிருந்தது. ஆகவே இது சரிபார்க்கப்படாத தகவல். மச்சானிடம் இதை நான் சொல்லவில்லை.