முதல் வகுப்பில் ஒரு வசனம்

நான்கு பேர் கீழிருந்து மூங்கில் கழிகளால் படத்துக்காகச் செய்த ரயில் பெட்டியை நெம்பி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே முதல் வகுப்பு இருக்கையில், சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டில், பூதேப் ஹாஜ்ரா உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஸ்டுடியோவின் சுவர்.

"பூதேப்தா, இவ்வளவு குலுங்காதீங்க. முதல் கிளாஸ்ல ஸ்பிரிங் உண்டு," என்றான் உதவி இயக்குநர் ரணேன். வங்காளத்தில் 'தா', 'தாதா' என்றால் அண்ணன்.

"ஆட்டுறவன் நான். என்கிட்ட சொல்லு," என்றான் கழி பிடித்திருந்தவன்.

படம் ரயில் பயணிகளைப் பற்றியது. முதல் வகுப்பில் ஒரு பாரிஸ்டர் குடும்பம், அதே வண்டியில் மூன்றாம் வகுப்பில் அவர்களுடைய ஏழை உறவினர். துணை நடிகர்களான எங்களையும் காலையிலேயே இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். பல், நிறம், நிற்கும் விதம் பார்த்து ரணேன் கை காட்டுவான்.

பூதேப் எப்போதும் மூன்றாம் வகுப்புதான். தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து வந்து, கல்கத்தாவின் சியால்தா ரயில் நிலைய நடைமேடையில் மனைவியோடு ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தவர். பிறகு அகதிகள் காலனியில் தகரக் கூரை, சணல் ஆலையில் வேலை. ஆலை மூடியதும் சினிமா ஸ்டுடியோக்கள் இருக்கும் டாலிகஞ்சுக்கு வந்தார். படங்களில் வரும் அகதிக் கூட்டம், ரேஷன் வரிசை, பிண ஊர்வலம், எல்லாவற்றிலும் இருந்தார். எதிலும் அவர் முகம் தெரியாது.

அன்று கோட்டுக்கு உரிய ஆள் அம்மை போட்டுப் படுத்துவிட்டான். கோட்டு பூதேபுக்குப் பொருந்தியது. மறுநாள் அந்தக் கோட்டுக்கு ஒரு வசனம் இருந்தது: "ஜன்னலைச் சாத்துங்க, கரி வருது." அவ்வளவுதான். ஆனால் வசனம் பேசியவனுக்கு நடிகர் சங்கத்தில் வேறு கார்டு. அப்புறம் அவனைக் கூட்டத்தோடு கூப்பிட முடியாது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

மதியம் கோட்டுக்காரர்களுக்கு மேஜையில் மீன் குழம்பு, சோறு. எங்களுக்குத் தரையில் கிச்சடி.

"என்ன பாரிஸ்டர் பாபு, கீழ பார்க்கவே மாட்டேங்குறீங்க?" என்று கத்தினான் ஷஷ்டி. எல்லாப் படத்திலும் பூதேபுக்குப் பக்கத்தில் மூட்டை தூக்கி நிற்பவன்.

"குனிஞ்சா கோட்டு கசங்குமாம்டா," என்றான் தரையில் இருந்த இன்னொருவன்.

"முள்ளையாவது போடுங்க தாதா."

"ஜன்னலைச் சாத்துங்க, கரி வருது," என்றார் பூதேப். மேஜையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

பிற்பகல் நடைமேடைக் காட்சி. வண்டி புறப்படும். முதல் வகுப்புக்காரர்கள் தங்கள் வாசலருகே தேநீரை முடித்துவிட்டு நிதானமாக ஏற வேண்டும். மற்றவர்கள் ஓட வேண்டும். ரணேன் விசில் ஊதினான்.

"மூணாங்கிளாஸ், ஓடு!"

பூதேப் ஓடினார். பீங்கான் கோப்பையைக் கீழே போட்டார். எனக்கும் ஷஷ்டிக்கும் நடுவே புகுந்து, முழங்கையால் இடித்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பு வாசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். எங்கள் கூட்டத்தில் முதலில் ஏறியவர் அவர்தான்.

இயக்குநர் கத்தவில்லை. காமிராவை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"உங்க பேர் என்ன?"

"பூதேப் ஹாஜ்ரா, சார்."

"எதுக்கு ஓடினீங்க?"

"வண்டி கிளம்பிடுச்சு, சார்."

இயக்குநர் தலையாட்டினார். "முதல் வகுப்புக்காரன் ஓடமாட்டான். அவன் இடம் அங்கேயேதான் இருக்கும்." பிறகு ரணேனிடம், "வசனத்தை வேற ஆளுக்குக் குடு," என்றார்.

"காலையில எடுத்ததுல இவர் முகம் வந்திருக்கே சார்?"

"நடுவுல ஏதோ ஸ்டேஷன்ல இறங்கிட்டார்னு வச்சுக்குவோம்."

உடைக்காரர் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டார். கோப்பைச் சில்லுகளைப் பூதேபே பொறுக்கினார். அவர் இல்லாமல் காட்சியை மறுபடி எடுத்தார்கள்.

திரும்பும்போது டிராமின் பின் பெட்டியில் நின்றோம். முதல் வகுப்பான முன் பெட்டியில் மின்விசிறி ஓடியது.

"ஏன் தாதா ஓடினீங்க?" என்றான் ஷஷ்டி.

"நீ ஓடலையா?"

"என் கையில மூட்டை குடுத்திருந்தாங்க. உங்க கையில டீயில்ல இருந்துச்சு?"

"ஆமா," என்றார் பூதேப். "டீ நல்லா இருந்துச்சு."

மறுநாள் மேக்கப்காரரின் மைத்துனர் ஒரு பழுப்புக் கோட்டோடு வந்து வசனத்தைப் பேசினார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. பூதேபுக்கு ஒரு போர்வை கொடுத்து, மூன்றாம் வகுப்பில் கக்கூஸ் கதவோரம் படுக்கச் சொன்னார்கள். முகம் ஏற்கெனவே முதல் வகுப்பில் பதிவாகிவிட்டதால் தலையையும் மூடிக்கொண்டார். மதியம்வரை அப்படியே படுத்திருந்தார். கிச்சடியில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். மாலையில் மழை வந்தது. பெட்டிமேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டு எல்லோரும் கிளம்பினோம்.